மூடியில்லாத ஜாம் போத்தல்களை அம்மா ஏன் எறிய விடுவதில்லை?

கோண்டாவிலான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் குசினியை ஒதுக்கினேன். அலுமாரியின் அடித்தட்டில் பதினொரு ஜாம் போத்தல்கள் இருந்தன. ஒன்றுக்கும் மூடி இல்லை. மேல்தட்டில் பழைய சாரம் ஒன்றில் சுற்றிய 23 கட்டிச் சவர்க்காரம். அடியில் கிடந்தவை காய்ந்து வெடித்து வாசமே போய்விட்டன. போத்தல்களைச் சாக்கில் போட்டுப் படலையடிக்குக் கொண்டுபோனேன். அம்மா பின்னாலேயே வந்து சாக்கைப் பறித்துக்கொண்டு உள்ளே போனார். இரவுச் சாப்பாட்டின்போதும் என்னோடு பேசவில்லை. அப்பாதான் பேசினார்: "உனக்கு என்ன தெரியும்? அந்த ஐந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் உங்களைக் கொண்டுபோய் விட்டால் மத்தியானத்துக்குள் அழுவீர்கள்."

நான் 1998இல் பிறந்தவன். யுத்தமே தெரியாதவன் இல்லை. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசையில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அப்பா சொல்லும் ஐந்து வருடம் அதற்கு முந்தையது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து 1995 அக்டோபர் இடப்பெயர்வு வரைக்கும். மின்சாரம் கிடையாது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றறி, சீமெந்து, உரம் என்று வரிசையாக அரசாங்கத்தின் தடை. இதெல்லாம் பாடம்போலத் தெரியும். எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேட்டால் அம்மா "வாழ்ந்தோம்" என்பார். அப்பா வீரக்கதை சொல்வார். இரண்டிலும் எனக்கு வேண்டியது கிடைப்பதில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அன்று நான் தொலைபேசிக்கு எங்கே மின்னேற்றலாம் என்று ஊரெல்லாம் அலைந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் ஒரு போத்தலில் சின்னச் சுடர் எரிந்துகொண்டிருந்தது. அம்மா பத்து நிமிடத்தில் செய்ததாம். அந்த விளக்கைச் செய்தபோது அவருடைய கைகளைப் பார்க்கவில்லையே என்று இப்போது கவலையாக இருக்கிறது.

அந்த நாட்களில் இருந்தவர்களிடம் கேட்கிறேன். பனம்பழத்தால் துவைத்த சட்டையை மாடு தின்றது, மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, இடப்பெயர்வின்போது குடையைக் கவிழ்த்து மழைத்தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள் என்பதெல்லாம் உண்மையா? நீங்கள் வேறு மண்ணால் செய்யப்பட்டவர்களா, அல்லது அப்பா கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாரா?

கராஜ்காரன் எழுதியது:

மோட்டார் சைக்கிள் பற்றி நான் சொல்கிறேன். அதுதான் எனக்குத் தெரியும். வடமராட்சியில் கராஜ் வைத்திருந்தேன், இன்னும் வைத்திருக்கிறேன், வயது 63.

மண்ணெண்ணெயில் ஓடியது உண்மை. ஆனால் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாது. அதனால் எல்லோருடைய பையிலும் கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று இருக்கும், அதற்குள் பெற்றோல். காபரேட்டருக்குள் நாலு துளி பீச்சிவிட்டு உதைக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் எஞ்சின் சூடாகும்வரை முறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெய் தன் பாட்டில் போகும். நடுவழியில் நின்றுவிட்டால் மறுபடி நாலு துளி. பெற்றோல் விற்ற விலையில் அந்த நாலு துளி கையில் ஊற்றும் வாசனைத் தைலம் மாதிரி.

ஒரு தொல்லை, எஞ்சின் இடிக்கும். அதைக் குறைக்க ஹெட் கஸ்கெட்டை (எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கும் தகட்டை) இரண்டாகப் போட்டுக் கொடுப்போம். இழுவை குறையும், பரவாயில்லை, அவசரமாகப் போக வேண்டிய இடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிளக்கில் கரி கட்டும். ஒவ்வொரு நாளும் கழற்றிச் சுரண்டு. பழைய ஏ40 கார்களும் இப்படித்தான் ஓடின. ஒரு கார் போனால் தெருவே வெள்ளைப் புகைக்குள் மறைந்துவிடும். கலியாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருமிக்கொண்டு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவால் ரேடியோ கேட்டதும் உண்மை. இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை. ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். செய்தி சுவாரசியமாகிச் சுற்றுகிறவர் காதைக் கொடுத்து நின்றுவிட்டால் செய்தியும் நின்றுவிடும். எல்லோரும் சேர்ந்து அவரை ஏசுவார்கள்.

வேறு மண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இப்போது வேலை செய்கிற பையனுக்கு 22 வயது. 2022இல் பெற்றோல் இல்லாமல் கராஜ் மூடிக் கிடந்தபோது பழைய கணினிப் பற்றறிகளைக் கோத்து இரண்டு வீட்டுக்கு விளக்குப் போட்டான். எனக்கு அது தெரியாது. அவனுக்குக் கஸ்கெட் விஷயம் தெரியாது. கேட்டபோது சொல்லிக் கொடுத்தேன், ஐந்து நிமிடம்.

ஸ்கார்பரோவிலிருந்து எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா சொல்வதில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. எங்கள் தலைமுறை இரும்பு. இப்போது இங்கே கனடாவில் என் பிள்ளைகளுக்கு இணையம் பத்து நிமிடம் நின்றால் வீடு இரண்டுபடுகிறது. குப்பி விளக்கில் படித்து டாக்டரும் எஞ்சினியரும் ஆனவர்கள் நாங்கள். குறை சொல்லத் தெரியாதவர்கள். ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுத்த சனம். அந்த மனிதர்கள் இனி வரமாட்டார்கள்.

பழைய கொப்பி எழுதியது:

கோண்டாவில் தம்பிக்கு,

எனக்கு 46 வயது. இணுவிலில் பிறந்தேன், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 1990இல் பதினொரு வயது, 1995இல் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த பிள்ளை. ஆகவே நீங்கள் கேட்ட ஐந்து வருடம் என் முழுப் பள்ளிக்கூட வாழ்க்கை.

மாட்டிலிருந்து தொடங்குகிறேன். தின்றது. என்னுடைய வெள்ளைச் சட்டையைத்தான் தின்றது. சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழம்தான், தண்ணீர் விட்டுப் பிசைந்தால் நுரை வரும், அழுக்கும் போகும். ஆனால் துணியில் மெல்லிய மஞ்சளும் இனிப்பு வாசமும் தங்கிவிடும். எங்கள் வேலிக் கதியாலில் காயப்போட்டிருந்த சட்டையின் கழுத்துப்பட்டியையும் ஒரு தோளையும் பக்கத்து வீட்டுப் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதன் வாயிலிருந்து இழுத்தார். மீதியில் தம்பிக்கு ஒரு பெனியன் தைத்தார். பசுவின் சொந்தக்காரி வந்து மன்னிப்புக் கேட்டாரா என்றால் இல்லை, மாட்டுக்கு வயிறு சரியில்லை, நீங்கள் ஏன் வேலியில் போட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார். ஸ்கார்பரோ அண்ணை இதைக் கவனிக்க வேண்டும்.

விளக்கு. எங்கள் வீட்டில் செய்த முறையைச் சொல்கிறேன், உங்கள் அம்மாவும் ஏறக்குறைய இப்படித்தான் செய்திருப்பார். ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அதில் இரண்டு மூன்று தேக்கரண்டி மண்ணெண்ணெய், பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டி எடுத்த வால்வுக் கட்டைக்குள் நூல்திரி. கம்பியால் அதை நடுவில் நிறுத்திவிட்டால் போத்தலே சிமினி, காற்றுக்கு அணையாது. மூடி தேவையே இல்லை. அதனால்தான் உங்கள் வீட்டுப் போத்தல்கள் மூடியில்லாமல் இருக்கின்றன. சிக்கன விளக்கு என்போம். வெளிச்சம் ஒரு கொப்பியின் ஒரு பக்கத்துக்குக் காணும், எதிர்ப்பக்கத்துக்குக் காணாது. நாங்கள் மூன்று பிள்ளைகள், அப்பா சட்டம் போட்டிருந்தார்: கணக்குச் செய்பவருக்கு மட்டும் விளக்கு, மனனம் செய்பவர் இருட்டுக்குப் போக வேண்டும். "பாடமாக்குவதற்கு வெளிச்சம் எதற்கு?" என்பார். வரலாறும் சைவசமயமும் திண்ணை இருட்டில் உரக்கச் சொல்லிப் படித்தவை. இன்றும் வகுப்பில் ஆண்டு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் என்னையறியாமல் கண் மூடிக்கொள்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காலையில் முகம் கழுவும்போது மூக்கிலிருந்து கரி வரும். இதை யாரும் கதையில் சொல்வதில்லை.

பங்கர் எல்லா வீட்டிலும் இருந்தது. எங்களுடையது 'ட' வடிவம், மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. மாரியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும், தவளை, சில நேரம் பாம்பு. குண்டுபோடும் பெரிய விமானம் ஒன்றுக்குச் சகடை என்று பெயர் வைத்திருந்தோம். அதன் சத்தம் மெதுவாகத்தான் வரும். அந்தச் சத்தத்துக்கும் பங்கரின் தண்ணீருக்கும் நடுவில் நின்று எது மேல் என்று யோசிப்போம். பல தடவை வெளியிலேயே நின்றோம். அதைத் துணிவு என்று சொல்லலாம். எனக்குத் தண்ணீரில் இறங்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 1995 ஜூலை 9 வரை அப்படி. அன்று நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் இருந்த சனத்தின்மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு நான் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை, அம்மா பிறப்புச் சான்றிதழ்ப் பையைக் கதவடியில் தொங்கவிட்டார்.

இனிக் குறை சொல்லத் தெரியாதவர்கள் என்ற விஷயம். அண்ணை, நாங்கள் குறை சொன்னோம். காலை எழுந்ததிலிருந்து சொன்னோம். சங்கக்கடை வரிசையில் கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார்கள், வந்து பார்த்தால் கல் பின்னால் தள்ளப்பட்டிருக்கும், அதற்கு அடிதடி. கிணற்றுக் கயிறு களவு போகும். இருட்டில் எங்கள் தேங்காய்களைப் பிடுங்கியவர் யார் என்று தெருவுக்கே தெரியும். இரும்பு என்கிறீர்கள், இரும்புக்கும் அப்போது தடைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். போகக்கூடியவர்கள் போனார்கள். இயக்கத்திடம், அதாவது விடுதலைப் புலிகளிடம், பாஸ் எடுக்க வேண்டும், அதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும், பிறகு இரவில் கிளாலியில் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்து பூநகரிப் பக்கம் இறங்க வேண்டும். கடற்படை சுடும். அப்படியும் போனார்கள். என் மூத்த அண்ணன் 1991இல் போனான். இருந்த காணியில் பாதியை விற்று அனுப்பினோம். எனக்கும் தம்பிக்கும் அனுப்பக் காணி மிச்சமில்லை, ஆகவே நாங்கள் நின்று தாங்கினோம். இன்று அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் அதிகம் பேசுபவன் அண்ணன்தான். ஜாம் போத்தல் விளக்கில் ஒரு வருடம்கூடப் படிக்காதவன் தன் பிள்ளைகளுக்கு அந்த விளக்கைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவான். தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, "சொல்லு, நீ சொல்லு" என்பான். நான் பசுவின் கதையைச் சொல்வேன். அவனுக்கு அது காணாது.

குடை. உண்மை. 1995 அக்டோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கியில் வலிகாமத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். தென்மராட்சிக்கு நாவற்குழிப் பாலத்தால் போக வேண்டும், நான்கைந்து லட்சம் சனம் அதை நோக்கி ஒரே இரவில். மழை. ஒரு அடி வைக்க ஐந்து நிமிடம். தண்ணீர் கேட்டு அழுத பிள்ளைகளுக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். எங்கள் முன்னால் போன கிழவர் ஒருவர் தன் குடையைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் நீட்டினார், அவரை யாரென்று தெரியாது. அம்மா எடுத்துவந்த பொருள்களில் மிகப் பெறுமதியானது அரைப் போத்தல் மண்ணெண்ணெய். சேலைத்துண்டில் சுற்றி அரிசி மூட்டைக்குள் வைத்தார். வழியில் மூடி கழன்றுவிட்டது. மீசாலையில் ஒரு கிழமை மண்ணெண்ணெய் மணக்கும் சோறு தின்றோம். எறிய முடியுமா? நாலாம் நாள் தம்பி, "அம்மா, நெருப்புக்குக் கிட்டப் போனால் எரிந்துவிடுவேனா?" என்று கேட்டான். அந்த இடப்பெயர்வில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

இன்றைய பிள்ளைகள். 2022இல் நான் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தேன். பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. பன்னிரண்டு கிலோமீற்றர் சைக்கிளில் வந்த பையன் இரண்டாம் பாடவேளையில் தூங்கிவிழுவான், எழுப்ப மாட்டேன். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனபோது, அப்பா கடலுக்குப் போகவில்லை என்று ஒரு பிள்ளை மத்தியானச் சாப்பாடு இல்லாமல் வந்து, வயிற்றுவலி என்று பொய் சொன்னது. அவர்களுடைய பரீட்சை பிந்திப் பிந்தி 2023 ஜனவரி 23இல்தான் தொடங்கியது. அந்த நாட்களிலும் மின்சாரம் போனது. ஒரு மாணவி அம்மம்மாவிடம் கேட்டு ஜாம் போத்தல் விளக்குச் செய்து படித்தாள், வகுப்புக்கும் கொண்டுவந்து காட்டினாள். வால்வுக் கட்டைக்குப் பதில் பேனாவின் உலோக முனை. எனக்கு அது தோன்றியதே இல்லை.

ஆனால் அவள் அந்த விளக்கைக் காட்டியது வெட்கத்தோடு. அங்கேதான் வித்தியாசத்தைப் பார்த்தேன். எங்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. எங்கள் இருட்டு குடாநாடு முழுவதற்கும் ஒரே இருட்டு. எல்லோரும் ஒன்றாக அதற்குள் இருந்தோம். வேறு எங்கே யார் எப்படி வாழ்கிறார்கள் என்பது எங்கள் கண்ணில் படவில்லை. அவளோ மின்சாரம் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, தொலைபேசியில் மிச்சமிருந்த நான்கு வீதப் பற்றறியில் ரொறன்ரோ மச்சாளின் பிறந்தநாள் கேக்கைப் பார்த்துவிட்டுப் படிக்க உட்கார்ந்திருக்கிறாள். அதை என்னால் தாங்கியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

உங்கள் அம்மாவின் போத்தல்களை விட்டுவிடுங்கள். என்னிடம் பதினாறு இருக்கின்றன.

புத்தளத்து யாழ்ப்பாணத்தான் எழுதியது:

டீச்சர், உங்கள் எழுத்தை இரண்டு தடவை வாசித்தேன். கரி, மாடு, மண்ணெண்ணெய்ச் சோறு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு சொல்லில் மட்டும் நின்றுவிட்டேன். எல்லோரும் ஒன்றாக இருந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் 1995 அக்டோபர் 30ஐச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் அக்டோபர் 30 என்றால் 1990. எனக்கு ஆறு வயது. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் இருந்தோம். காலையில் இயக்கம் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னது. வழியில் சோதித்தார்கள். சில நூறு ரூபாய்க்கு மேல் கொண்டுபோக விடவில்லை. உம்மாவின் காதில் இருந்ததைக் கழற்றச் சொன்னார்கள், அது கழலாமல் சவர்க்காரம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. சவர்க்காரம் பற்றி எழுதினீர்கள், அதனால் சொல்கிறேன்.

ஜாம் போத்தல் விளக்கு எனக்குத் தெரியாது. நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் குப்பி விளக்கு வைத்திருந்தோம். ஒரு கொட்டிலில் நெருப்புப் பிடித்தால் வரிசையாக எரியும், ஆகவே இரவு எட்டு மணிக்கு மேல் விளக்கு வைக்க வாப்பா விடமாட்டார். வடக்கிலிருந்து அப்படி வந்தவர்கள் எழுபத்தையாயிரம் பேர் அளவில். புத்தளத்துக்காரர்கள் முதலில் சோறு தந்தார்கள், பிறகு கிணற்றடியில் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுடைய கிணற்றிலும் அவ்வளவு தண்ணீர்தான்.

2002இல் பாதை திறந்தபோது வாப்பா வீட்டுத் திறப்பைக் கொண்டுபோனார். பன்னிரண்டு வருடம் வைத்திருந்த திறப்பு. வீட்டில் கதவு இல்லை. திறப்பைத் திருப்பிக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே மாட்டிவிட்டார்.

கோபத்தில் எழுதவில்லை. தம்பி அந்தத் தலைமுறையைப் பற்றிக் கேட்டார். நாங்களும் அந்தத் தலைமுறைதான்.

பழைய கொப்பி எழுதியது:

புத்தளத்துத் தம்பிக்கு,

அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக அப்படியேதான் சொல்லி வந்திருக்கிறேன், வகுப்பிலும். அழிக்காமல் விடுகிறேன், உங்கள் பதில் அதற்குக் கீழே இருக்கட்டும்.

முந்தைய பதிலில் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். தம்பிக்கு அம்மா பெனியன் தைத்ததாக எழுதினேன் அல்லவா. அந்தத் தையல் மெஷின் 1991இல் எங்கள் வீட்டுக்கு வந்தது. சிங்கர், கால்மிதி. இயக்கத்தின் கடை ஒன்றில் சாமான்கள் மலிவாக விற்கப்பட்டபோது அப்பா வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அவ்வளவு மலிவாக ஏன் என்று அப்பாவும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. எங்கள் பள்ளிச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்த தையற்காரரின் கடை பூட்டிக் கிடந்ததையும் நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் போனேன். அளவெடுத்துப் போன என் சட்டைத் துணி ஒன்று அவரிடம் இருந்தது. அந்தத் துணிக்காகத்தான் கவலைப்பட்டேன். அதை மறைத்து என்ன பயன்?

மெஷினுக்கு இடது பக்கம் சின்ன லாச்சி ஒன்று உண்டு. வந்த நாளே திறந்து பார்த்தேன். இரண்டு பொபின், தேய்ந்த சோக்கு, அரபு எழுத்து அச்சிட்ட நாட்காட்டித் தாள் ஒன்று நாலாக மடித்தபடி. தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் தமிழில் அளவு எழுதியிருந்தது: "சின்னவளுக்கு, நீளம் 22, தோள் 9, பெருநாளைக்கு." நான் வாசித்துக் காட்டியபோது அம்மா லாச்சியை மூடினார். அதன்பிறகு பொபின் வேண்டுமானால் தானே எடுப்பார், என்னைத் திறக்க விடமாட்டார்.

1996 மே மாதம் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டிலும் கதவு இல்லை, பாதி ஓடு இல்லை. மெஷின் மட்டும் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. பாரம் என்று விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அம்மா அதைத் துடைத்து எண்ணெய் விட்டு, இறக்கும்வரை தைத்தார். 2022இல் மின்சாரம் இல்லாத நாட்களில் ஊர்ப் பிள்ளைகளின் சட்டைகளை நானும் அதில்தான் தைத்துக் கொடுத்தேன். நல்ல மெஷின் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமென்றேன்.

உங்கள் பதிலை வாசித்த பிறகு போய் லாச்சியைத் திறந்தேன். தாள் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கிறது, பென்சில் எழுத்து இன்னும் தெரிகிறது. மெஷினின் அடியில் எண் ஒன்று பொறித்திருக்கிறது. அதை இங்கே போடாமல் உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியும் இருந்தவர்களில் யாருக்காவது, உம்மாக்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு, அந்தக் கையெழுத்து அடையாளம் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். 22 அங்குல நீளச் சட்டை என்றால் ஆறு ஏழு வயதுப் பிள்ளை. உங்கள் வயதுக்காரி.

கோண்டாவிலான் எழுதியது:

டீச்சர், போத்தல்களைப் பழைய இடத்திலேயே அடுக்கிவிட்டேன். அம்மாவிடம் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். தையல் மெஷின் வந்த இடத்தில் அம்மா எழுந்து எங்கள் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது எப்போது வாங்கியது என்று கேட்டேன். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றார்.